எதிர்ப்பு சக்தி கூடினா கேன்சர் வராது எண்டு எழுதினதைப் பற்றி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில சுகாதாரப் பக்கத்தில ஒரு கட்டுரை வந்தது. உடம்பில எதிர்ப்பு சக்தி கூட இருந்தா கேன்சர் கிட்டவும் வராது, வந்தாலும் தானாக் கரைஞ்சு போகும் எண்ட மாதிரி எழுதியிருந்திச்சு, அதுக்குக் கீழயே ஒரு மூலிகை சிரப் விளம்பரம். திங்கட்கிழமை பின்னேரம் எங்கட ஃப்ளெட்டில மேல்மாடியில இருக்கிற அக்கா அந்தப் பேப்பரையும் அந்த சிரப் போத்தலையும் கையில பிடிச்சுக்கொண்டு வந்து, "நீங்க ஆஸ்பத்திரியில வேலை செய்தனீங்கள்தானே, இதை இவருக்குக் குடுத்தா கால் புண் ஆறுமோ" எண்டு கேட்டா. அவவின்ட மனுசனுக்கு சின்ன வயசில குப்பி விளக்கு சரிஞ்சு முழங்காலுக்குக் கீழ எரிஞ்ச தழும்பு ஒண்டு இருக்கு, 50 வருஷமா ஒரு கரைச்சலும் குடுக்காமக் கிடந்த தழும்பு, இப்ப 5 மாசமா அதில ஒரு இடம் வெடிச்சு ஆறுதில்ல. அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதோணும் எண்டு இருந்தன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் டொக்டர் இல்ல. 29 வருஷம் ஆஸ்பத்திரி லேப்பில, சதைத் துண்டு பரிசோதிக்கிற பகுதியில வேலை செய்து ரிட்டயர் ஆனவ. வெட்டி அனுப்புற துண்டை மெழுகில பதிச்சு, ஒரு மில்லிமீட்டரை 250ஆப் பிரிச்சா எவ்வளவு வருமோ அந்தளவு மெல்லிசா சீவி, கண்ணாடி ஸ்லைட்டில ஒட்டி, ஹெமட்டொக்சிலின் ஈயோசின் எண்டு ரெண்டு சாயம் போடுறது எங்கட வேலை. செல்லின்ட கரு ஊதாவா வரும், மிச்சமெல்லாம் ரோஸ் நிறம். ரிப்போர்ட் எழுதுறது டொக்டர்தான், ஆனா எங்கட டொக்டர் நல்ல மனுசி, ஏதாவது வித்தியாசமா வந்தா ரெண்டு பேர் சேந்து பாக்கிற மைக்ரோஸ்கோப்பில கூப்பிட்டுக் காட்டுவா. அப்படி ஒருநாள் காட்டின மெலனோமா ஸ்லைட் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

மெலனோமா எண்டா தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லில வாற கேன்சர், தோல் கேன்சருக்குள்ள ஆகப் பொல்லாதது. அந்த ஸ்லைட்டில நடுவில கேன்சர் செல் கும்பலா இருக்கு, அதைச் சுத்திச் சின்னச் சின்ன ஊதாப் பொட்டு ஆயிரக்கணக்கில, கோயில் திருவிழாவுக்கு வந்த சனம் வெளிவீதியில நெருக்கிக்கொண்டு நிக்கிற மாதிரி. அது எல்லாம் லிம்போசைட், எங்கட எதிர்ப்புச் செல்லுகள். எல்லாம் வந்து நிக்குது, ஆனா ஒண்டு கூட உள்ளுக்குப் போகேல்ல. "ஏன் டொக்டர் இவை உள்ள போகேல்ல" எண்டு கேட்டன். "அதுதான் இப்ப உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாங்க" எண்டா. மெலனோமா ரிப்போர்ட்டில இதைத் தனியா ஒரு வரியா எழுதுறவை, எதிர்ப்புச் செல் நல்லா உள்ள புகுந்திருக்கா, அங்கொண்டு இங்கொண்டு இருக்கா, இல்லவே இல்லையா எண்டு. ஏனெண்டா நல்லாப் புகுந்திருந்தா நோயாளி தப்புற வாய்ப்புக் கூட.

உங்கட கட்டுரை பிழைச்ச இடம் இதுதான். அந்த ஸ்லைட்டுக்குரிய ஆளின்ட உடம்பில எதிர்ப்பு சக்திக்கு ஒரு குறையும் இருக்கேல்ல. ஆக்கள் வந்திருக்கிறாங்க, உள்ள விடேல்ல. சிரப் குடிச்சு இன்னும் ஆயிரம் பேரை அனுப்பினாலும் அவையும் அதே வெளிவீதியிலதான் நிப்பினம்.

கேன்சர் கட்டி எண்டா முழுக்கக் கேன்சர் செல் எண்டுதான் கன பேர் நினைக்கிறாங்க, நானும் வேலைக்குச் சேர முதல் அப்படித்தான் நினைச்சன். அப்படி இல்ல. அதுக்குள்ள சாதாரண நல்ல செல்லுகளே நிறைய இருக்கு, நார் கட்டுற ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக் குழாய், மேக்ரோபேஜ் எண்ட துப்புரவுச் செல், நரம்பு, இதெல்லாத்தையும் சேத்துத்தான் கட்டியின்ட நுண்சூழல் எண்டு சொல்லுறது. 1889ல ஸ்டீபன் பஜெட் எண்ட இங்கிலாந்து சர்ஜன், மார்புக் கேன்சரால செத்த 735 பேரின்ட பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் பாத்திட்டு, இது கண்ட கண்ட இடத்தில பரவேல்ல, விதை எங்கயும் விழும், ஆனா ஏத்த மண்ணிலதான் முளைக்கும் எண்டு எழுதினவர். எங்கட அப்பா நீர்வேலி ஆள், வாழைத் தோட்டம், செம்பாட்டு மண்ணை விட்டு வேற மண்ணில அதே குட்டியை நட்டா குலை எப்படிச் சிறுக்கும் எண்டு அவருக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல.

கேன்சரில ஒரு வித்தியாசம் என்னெண்டா இந்த விதை மண்ணையே தனக்கு ஏத்த மாதிரி மாத்திப்போடும். ஃபைப்ரோபிளாஸ்ட்டை எடுங்கோ, அதின்ட வேலை காயம் பட்டா கொலாஜன் நாரை நெய்து தோலை மூடுறது. கேன்சர் செல் டிஜிஎஃப்-பீட்டா மாதிரியான சிக்னலுகளை விட்டு அதைத் தன்ர பக்கம் இழுத்துக்கொள்ளும், பிறகு அது கட்டியைச் சுத்தி நாரால மதில் கட்டும், அந்த மதிலுக்கு வெளியாலதான் நான் பாத்த ஊதாப் பொட்டெல்லாம் நிண்டது. கட்டி பெருக்கப் பெருக்க உள்ள ஒட்சிசன் பத்தாமப் போகும், அப்ப புதுசா ரத்தக் குழாய் இழுக்கிற சிக்னலும் போகும், மாமரத்தில குருவிச்சை பிடிச்சா மரத்தின்ட சாறையே உறிஞ்சி வளருமே, அதே மாதிரி. ஆனா அவசரத்தில கட்டின குழாய் கோணல் மாணல், எதிர்ப்புச் செல் இறங்கி உள்ள வாறதுக்கும் அதால சரியா ஏலாது.

மண் பழசாகினாலும் கதை மாறும். இதைக் கண்டுபிடிச்ச ஆக்களில ஒருத்தர் எங்கட நாட்டில பிறந்தவ எண்டது உங்கட வாசகர்கள் எத்தினை பேருக்குத் தெரியுமோ தெரியாது. அஷானி வீரரத்ன, இலங்கையில பிறந்து ஆபிரிக்காவில லெசோத்தோவில வளர்ந்து இப்ப அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ்ல பேராசிரியை. 2016ல அவவின்ட குழு காட்டினது, வயசான தோலில இருக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் விடுற ஒரு புரதத்தால மெலனோமா அந்த இடத்தில மெதுவா வளர்ந்தாலும் தூர இடங்களுக்குக் கூடப் பரவுது எண்டு. அதே செல்தான், இளம் எலியில ஒரு மாதிரி, கிழட்டு எலியில வேற மாதிரி. 2018ல அவையே இன்னொண்டும் சொன்னவை, எதிர்ப்புச் செல்லை அவிட்டு விடுற புது இம்யூன் மருந்து 60 தாண்டின ஆக்களுக்கு இளம் ஆக்களை விடக் கூடுதலா வேலை செய்யுது எண்டு. வயசு போனா எதிர்ப்பு சக்தி குறையும், அதால மருந்தும் வேலை செய்யாது எண்டுதானே எல்லாரும் நினைப்பம்? இப்படி ஒரு பெண்ணைப் பற்றி ஞாயிறு பேப்பரில அரைப் பக்கம் போடலாம், எங்கட பிள்ளையள் வாசிக்கும்.

சரி, மதிலைத் தாண்டி உள்ள போன டி செல்லுக்கு, அதாவது கெட்ட செல்லைக் கொல்லுற லிம்போசைட்டுக்கு, என்ன நடக்குது? அதைத்தான் கொஞ்சம் விளக்கமா எழுதோணும். எங்கட உடம்பில ஒவ்வொரு செல்லும் தன்ர மேற்பரப்பில ஒரு அடையாள அட்டை மாதிரி வச்சிருக்கு, உள்ள என்ன புரதம் செய்யிறன் எண்டு அதில காட்டோணும், டி செல் அதைப் பாத்துத்தான் இது எங்கட ஆளா, கெட்டுப் போனதா எண்டு முடிவெடுக்கும். கொழும்பில யுத்த காலத்தில இருந்த ஆக்களுக்கு ஐடென்டிடி கார்ட் இல்லாம வெளிய போறது எப்படியெண்டு தெரியும். சில மெலனோமா செல் அந்தக் கார்டையே எறிஞ்சு போட்டுத் திரியும், டி செல்லுக்கு அது கண்ணிலயே படாது. கார்ட் இல்லாத செல்லைப் பிடிக்கிறதுக்கு நாச்சுரல் கில்லர் எண்டு வேற ஒரு செல் இருக்கு, ஆனா நான் மேல சொன்ன அதே டிஜிஎஃப்-பீட்டா அதையும் மந்தமாக்கி வச்சிருக்கும்.

கார்ட் இருந்து டி செல் பிடிச்சாலும் அடுத்த தடை. டி செல்லில பிடி-1 எண்டு ஒரு பிரேக் இருக்கு, அது கெட்டது இல்ல, அது இல்லாட்டி எங்கட எதிர்ப்புச் செல் எங்கட உடம்பையே அரிச்சுப்போடும். டி செல் சண்டையைத் தொடங்கேக்க இன்டர்ஃபெரோன் எண்ட சிக்னலை விடும், கேன்சர் செல் அதை மணந்த உடன பிடி-எல்1 எண்ட புரதத்தை வெளியால நீட்டி அந்தப் பிரேக்கை அமத்தும். விளங்குதா, டி செல் அடிக்கத் தொடங்கினதாலதான் அதுக்கு பிரேக் விழுது. இதுக்கு மேல, கேன்சர் செல் சீனியை அள்ளி அள்ளி எரிச்சு லக்டிக் அசிட்டை வெளியால கொட்டும், ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலயே கண்டது இது, அந்தப் புளிச்ச இடத்தில டி செல் பசியிலயும் களைப்பிலயும் கிடக்கும். சண்டை முடிஞ்சா அமைதிப்படுத்திற வேலைக்கெண்டு உடம்பு வச்சிருக்கிற ரெகுலேட்டரி டி செல்லையும் கட்டி தன்னட்டக் கூப்பிட்டு வச்சுக்கொள்ளும். மேக்ரோபேஜ்தான் ஆகக் கவலை, கிருமியை விழுங்கிற செல், அதைக் கட்டி தன்ர பக்கம் மாத்தினா அதே செல் கட்டிக்கு ரத்தக் குழாய் கட்டிக் குடுக்கும், பரவுறதுக்கு வழி வெட்டிக் குடுக்கும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுறம் எண்டு சொல்லுற ஆக்களை நான் கேக்கிறது இதுதான், இதில எந்தச் செல்லைக் கூட்டப் போறியள்?

உங்கட கட்டுரை முழுக்கப் பிழை எண்டு சொல்ல வரேல்ல. எதிர்ப்பு சக்தி முக்கியம்தான். கிட்னி மாத்தினவை அதுக்கு ஒத்துப்போக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற குளிசை வாழ்நாள் முழுக்க எடுக்கிறவை, அவைக்கு ஸ்குவாமஸ் எண்ட வகைத் தோல் கேன்சர் மற்றவையை விடப் பல மடங்கு கூட வருது. வெயிலும் அப்படித்தான். யூவி கதிர் டிஎன்ஏயைக் கெடுக்கும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், அதோட தோலின்ட காவலையும் குறைக்கும், மார்கரெட் கிரிப்கே எண்ட அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1970களில எலியில காட்டினவ. யூவியால வந்த கட்டியைச் சாதாரண எலிக்கு வச்சா அது தள்ளிவிட்டிடும், யூவி பட்ட எலிக்கு வச்சா வளரும். தோலில லாங்கர்ஹான்ஸ் செல் எண்டு காவல் செல் ஒண்டு இருக்கு, 1868ல பவுல் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவரா இருக்கேக்கயே கண்டது, வெயில் கூடப் பட்டா அது அந்த இடத்தில குறையும். கொழும்பில மத்தியானம் யூவி இன்டெக்ஸ், அதாவது யூவி எவ்வளவு கடுமை எண்ட கணக்கு, ஆக ஆபத்தான 11ஐத் தாண்டுற நாள் கனக்க. எங்கட கறுத்த தோல் எங்களை நிறையக் காப்பாத்துது, அதுக்காக ஒண்டும் வராது எண்டு இருந்திடக் கூடாது, அதை நான் வீட்டிலயே பட்டிட்டன்.

எங்கட பெரியம்மா. பம்பலப்பிட்டியில எங்களோட கொஞ்சம், மகளோட கொஞ்சம் எண்டு இருந்தவ. இடது உள்ளங்காலில, குதிக்குக் கிட்ட, ஒரு கறுத்த பொட்டு. கால் ஆணி எண்டு சொல்லி பார்மசியில வாங்கின பிளாஸ்டர் ஒட்டினா. பிறகு அது வெடிச்சுது. சீனி வருத்தம் இருந்தபடியா ஒரு கிளினிக்கில சீனிப் புண் எண்டு சொல்லி மருந்து கட்டத் தொடங்கினவை, கிழமைக்கு ரெண்டு தரம், 11 மாசம். நோ இல்லை எண்டபடியா அவவும் பெரிசா எடுக்கேல்ல. நான் அப்ப மகனிட்ட வெளிநாட்டுக்குப் போயிருந்தன், திரும்பி வந்து புண்ணின்ட கரையைப் பாத்தன், கரை முழுக்க மை ஊறின மாதிரிக் கறுப்பு. அண்டைக்கே சொன்னன், இதில ஒரு துண்டு வெட்டிப் பாக்கோணும் எண்டு. ரிப்போர்ட் வர, ஏக்ரல் மெலனோமா. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ வாற வகை, கறுத்த தோல் ஆக்களுக்கு வாற மெலனோமாவில இதுதான் கூட, இதுக்கு வெயில் பெரிய காரணமும் இல்ல. பாட்டுக்காரர் பொப் மார்லிக்கு 1977ல கால் பெருவிரல் நகத்துக்குக் கீழ கண்டது இதுதான், ஃபுட்போல் விளையாடேக்க பட்ட காயம் எண்டு நினைச்சவை, 1981ல 36 வயசில போயிட்டார்.

பெரியம்மாவின்ட ரிப்போர்ட்டில அந்த எதிர்ப்புச் செல் வரியில "இல்லை" எண்டு இருந்திச்சு. அதை வாசிச்சு விளங்கிக்கொள்ளக் கூடிய ஒரே ஆள் வீட்டில நான்தான், வாசிச்சிட்டு ஒருத்தருக்கும் சொல்லாம மடிச்சு வச்சன். ஏக்ரல் வகையில வெயிலால வாற மாதிரி ஆயிரக்கணக்கில ஜீன் பிழை இருக்காது, பிழை குறைஞ்சா டி செல் "இது எங்கட ஆள் இல்ல" எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு அடையாளமும் குறைவு, அதாலதான் புது மருந்தும் இதில மற்ற மெலனோமா அளவுக்கு வேலை செய்யிறேல்ல. காலில பாதி எடுத்தும் அடுத்த வருஷம் தைப்பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னம் மோசம் போயிட்டா. அந்த 11 மாசத்தில மகள் வாங்கிக் குடுத்த சத்து மா, சிரப், கப்ஸ்யூல் எல்லாம் இன்னும் அலுமாரியில கிடக்கு. அந்தப் பிள்ளை தாய்க்குச் செய்யிறது எண்டு நினைச்சுத்தான் அவ்வளவும் வாங்கினது, அவளை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டன்.

புது மருந்து எண்டு சொன்னன், அதையும் சொல்லிவிடுறன். அமெரிக்காவில ஜேம்ஸ் அலிசன், ஜப்பானில தசுகு ஹொன்ஜோ, ரெண்டு பேருக்கும் 2018ல மருத்துவ நோபல் பரிசு, டி செல்லின்ட பிரேக்கைக் கழட்டலாம் எண்டு காட்டினதுக்கு. பிடி-1ஐ ஹொன்ஜோவின்ட லேப் 1992ல கண்டது. முதல் மருந்து இபிலிமுமாப் 2011ல மெலனோமாவுக்குத்தான் வந்தது, பிறகு 2014ல பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். பரவின மெலனோமா எண்டா முந்தி ஒரு வருஷம் தாண்டுறதே பெரிய பாடு, இபிலிமுமாப்பும் நிவோலுமாப்பும் சேத்துக் குடுத்த பெரிய ஆய்வொண்டில 10 வருஷத்துக்குப் பிறகும் 100 பேரில 43 பேர் உயிரோட இருந்தவை, 2024ல வந்த கணக்கு. இதை வாசிக்கேக்க எனக்குக் கண் கலங்கினது. ஆனா கவனியுங்கோ, இந்த மருந்து சக்தியைக் "கூட்டுற" மருந்து இல்ல, கட்டி அமத்தி வச்ச பிரேக்கைக் கழட்டுற மருந்து. கழட்டினா என்ன நடக்கும்? குடல் புண்ணாகும், தைரோய்ட் கெடும், ஈரல் வீங்கும், சில பேருக்கு உயிருக்கே ஆபத்து வரும், அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கோணும். எதிர்ப்பு சக்தி உண்மையாவே கட்டுப்பாடில்லாமக் கூடினா உடம்புக்கு என்ன எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும். வல்லாரைச் சம்பல் சாப்பிடுங்கோ, நெல்லிக்காய் சாப்பிடுங்கோ, சாப்பாடா நல்லது, நானும் சாப்பிடுறன். கேன்சருக்கு மருந்து எண்டு விக்காதேங்கோ. கிட்னி மாத்தின ஆள் அந்த விளம்பரத்தைப் பாத்து வாங்கிக் குடிச்சா என்ன செய்யிறது?

இப்ப மேல்மாடி அண்ணையின்ட காலுக்கு வாறன். பழைய எரிகாயத் தழும்பில, கன காலம் ஆறாத புண்ணில ஸ்குவாமஸ் கேன்சர் வரலாம், மார்ஜோலின் புண் எண்டு பேர், 1828ல பிரெஞ்சு சர்ஜன் ஒருத்தர் இந்த மாதிரிப் புண்ணைப் பற்றி எழுதினதால வந்த பேர், எரிஞ்சு 30, 40 வருஷம் போன பிறகும் வரும். ஏன் தழும்பில வருது? ஹரோல்ட் டுவோரக் எண்ட அமெரிக்க நோயியல் டொக்டர் 1986ல எழுதினவர், கட்டி எண்டா ஆறாத காயம் எண்டு. காயம் ஆறேக்க உடம்பு செய்யிற அதே வேலையள், நார் நெய்யிறது, ரத்தக் குழாய் இழுக்கிறது, சண்டையை அடக்கிறது, இதையெல்லாம் கேன்சர் நிப்பாட்டவிடாமச் செய்விக்கும். வருஷக்கணக்கா ஆறாத புண்ணில அந்த மண் ஏற்கனவே பண்படுத்திக் கிடக்கு, தழும்பில ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் குறைவு, காவல் செல்லும் அங்க லேசாப் போகாது. எல்லாத் தழும்பும் அப்படி ஆகாது, பயப்படுத்த எழுதேல்ல. ஆனா மாசக்கணக்கா ஆறாத புண்ணுக்கு, கரை தடிச்சுக் கொண்டு போற புண்ணுக்கு, ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பாக்கிறதை விட வேற வழியில்ல. மரக்கவைக்கிற ஊசி ஒண்டு, ஒரு தையல், சில நேரம் தையலும் இல்ல. வெட்டினாப் பரவும் எண்டு சொல்லுற கதையை நம்பாதேங்கோ, வெட்டாம விட்டாத்தான் பரவும்.

உங்களிட்ட கேக்கிறது இதுதான் ஆசிரியர் ஐயா. தோல் டொக்டர் ஒருத்தரைக் கொண்டு தமிழில ஒரு கட்டுரை எழுதுவிச்சுப் போடுங்கோ, எங்கட ஆக்களின்ட உள்ளங்கால், நகம், பழைய தழும்பு இதுகளின்ட படத்தோட. தோல் கேன்சர் எண்டு போடுற படமெல்லாம் வெள்ளைக்காரரின்ட முதுகில இருக்கிற மச்சம், அதைப் பாத்து எங்கட சனம் இது எங்களுக்கில்ல எண்டு பக்கத்தைத் திருப்பிடுது. சீனி வருத்தக்காரர் காலைக் கழுவி விரலுக்கிடையில பாக்கேக்க உள்ளங்காலில புதுசாக் கறுப்பு இருக்கா, ஒரு நகத்தில மட்டும் கறுத்த கோடு அகண்டு கொண்டு போகுதா எண்டும் பாக்கச் சொல்லி எழுதுங்கோ. கறுத்த தோலில நகத்தில கோடு இருக்கிறது சாதாரணம்தான், மாறுறதுதான் கணக்கு. மற்றது, சுகாதாரப் பக்கத்தில அந்த மாதிரி விளம்பரத்தைப் போடாதேங்கோ, கட்டுரையும் விளம்பரமும் சேந்து கிடந்தா எங்கட ஆக்கள் ரெண்டையும் பேப்பர் சொன்னது எண்டுதான் எடுப்பினம். நான் இந்தப் பேப்பரைச் சின்ன வயசில இருந்து வாசிக்கிறனான், அச்சில வந்தா அது உண்மை எண்டு நினைக்கிற ஆக்கள் எங்கட ஃப்ளெட்டிலயே பத்துப் பேர் இருக்கினம்.

மேல்மாடி அண்ணை முதல் மாட்டன் எண்டுதான் நிண்டவர், வேலைக்கு லீவு எடுக்கேலாது, சிரப் ஒரு போத்தல் முடியட்டும் பாப்பம் எண்டார். பெரியம்மாவின்ட கதையைச் சொன்னன், அந்த மடிச்சு வச்ச ரிப்போர்ட்டையும் முதல் தரமா வெளியால எடுத்துக் காட்டினன். வாற செவ்வாய்க்கிழமை காலம ஆறு மணிக்கு நானும் அக்காவும் அவரைத் தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறம், நம்பர் எடுக்க வெள்ளனப் போகோணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.